60 தாண்டின பெண்களுக்கு ஹிற் சேர்கிட்: குதிக்காமல் எப்படி நடத்துறது?

மாதர்_மண்டபம் (கேள்வி)

வணக்கம். எங்கட சனசமூக நிலைய மண்டபத்தில கிழமைக்கு ரெண்டு பின்னேரம் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடக்குது. 12 பேர், வயது 60 இலயிருந்து 71 வரை. இதுவரை செய்தது கை கால் நீட்டல், மண்டபத்தைச் சுத்தி மெது நடை, மூச்சுப் பயிற்சி. இப்ப அது எல்லாருக்கும் பழகிப்போச்சு. வேர்க்கிறதும் இல்லை, களைக்கிறதும் இல்லை. இதயத்துக்குக் கொஞ்சம் கூட வேலை குடுக்கிற மாதிரி ஹிற் சேர்கிட் (கொஞ்ச நேரம் மூச்சு வாங்கச் செய்து, கொஞ்ச நேரம் ஆறி, இடம் மாறி மாறிச் செய்யிற பயிற்சி) தொடங்குவம் எண்டு கேக்கினம். யூரியூப்பில தேடினா வாறதெல்லாம் 25 வயசுப் பிள்ளையள் துள்ளிக் குதிக்கிறதுதான்.

ஆக்களைப் பற்றிச் சொன்னால்: 5 பேருக்குப் பிறஷர், 4 பேருக்குச் சலரோகம், அதில ஒருத்தர் இன்சுலின். ஒருத்தர் அற்றெனோலோல் குடிக்கிறா. முழங்கால் நோ பாதிப்பேருக்கு மேல. துள்ளினா, தும்மினா சிறுநீர் கசியுது எண்டும் ரெண்டு மூண்டு பேர் மெல்லமாச் சொல்லினம். சாமான் எண்டு பார்த்தால் பிளாஸ்டிக் கதிரை, சுவர், தண்ணிப் போத்தல், ஒரு போன்.

என்னென்ன அசைவு, எத்தனை செக்கன், "அதி தீவிரம்" வந்திட்டுது எண்டு எப்படி அறியிறது, ஆரைச் சேர்க்கக்கூடாது? தெரிஞ்சவை விவரமாச் சொல்லுங்கோ.

நோவும்_நடையும் (பிசியோதெரபி)

முதல் விசயம், "அதி தீவிரம்" என்பது அந்த ஆளின் மூச்சுக்குத் தீவிரம். 68 வயதான ஒருவர் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் 30 செக்கன் விடாமல் எழும்பி இருந்தாலே போதும், இதயத் துடிப்பு நன்றாக ஏறிவிடும். தொடையும் பிட்டமும் உடம்பிலேயே பெரிய தசைகள். அவை வேலை செய்தால் மூச்சு தானாக ஏறும். ஆகவே குதிப்பு, ஓட்டம், நிலத்தில் கை ஊன்றி எழும்பிற பயிற்சி, படுத்து வயிற்றை மடக்கிற பயிற்சி எல்லாவற்றையும் விட்டுவிடுங்கோ. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிந்திருக்கும். முதுகை முன்னுக்கு வளைத்து மடக்கும்போது முள்ளந்தண்டு எலும்பு நசியக்கூடும்.

நாடித்துடிப்பு இலக்கத்தைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டாம். 62 வயதுப் பெண்ணுக்கு 220 இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 158. 2001 இல் வந்த 208 − (0.7 × வயது) என்ற கணக்கில் 165. சிக்காகோவில் பெண்களை மட்டும் வைத்துக் கணித்து 2010 இல் வெளியிட்ட 206 − (0.88 × வயது) என்ற கணக்கில் 151. ஒரே ஆளுக்கு 14 துடிப்பு வித்தியாசம். அற்றெனோலோல், பைசோப்ரோலோல் போன்ற பீற்றா புளொக்கர் குடிக்கிறவருக்கு இந்த மூன்றுமே பொருந்தாது. அவருடைய துடிப்பை மருந்து கீழே பிடித்து வைத்திருக்கும். இலக்கத்தைத் துரத்திக்கொண்டு போனால் அவர் தன் சக்திக்கு மிஞ்சிச் செய்துவிடுவார்.

அதற்குப் பதிலாக 0 முதல் 10 வரையான அளவைச் சொல்லிக் குடுங்கோ. 0 சும்மா இருக்கிறது, 10 இனி ஒரு அடியும் ஏலாது என்கிற நிலை. முதல் இரண்டு கிழமை 5 அல்லது 6 காணும். பிறகு 7, பழகினவைக்கு 8. பேச்சை வைத்தும் பார்க்கலாம். 7 இல் இருக்கிறவர் இரண்டு மூன்று சொல் சொல்லி மூச்சு எடுப்பார், தேவாரத்தில் ஒரு வரியை ஒரே மூச்சில் சொல்ல ஏலாது. முழு வரி வந்தால் வேகம் காணாது. ஒரு சொல்லும் வராவிட்டால் கூடிப்போச்சு. ஓய்வு முடியும்போது திரும்ப ஒரு வரி சொல்ல வரவேணும், வராவிட்டால் அடுத்த சுற்றை மெதுவாக்குங்கோ.

உங்களிடம் உள்ள சாமானுக்கு ஆறு இடம் போதும். காலும் கையும் மாறி மாறி வரவேணும்:

1. கதிரையில் இருந்து எழும்பி இருத்தல். பாதம் இடுப்பகலம், முழங்கால் உள்ளுக்குச் சாயக்கூடாது. எழும்பும்போது மூச்சை விடவேணும்.
2. சுவர்த் தண்டால். கை தோளுயரத்தில், கால் சுவரில் இருந்து ஏறக்குறைய ஒரு கை நீளம் பின்னால். நாரி வளையாமல் உடம்பு ஒரே கோடாக.
3. படி ஏறி இறங்கல். உயரம் 10 முதல் 15 சென்ரிமீற்றர். ஒரு கை சுவரில்.
4. றப்பர் இழுவை. பட்டி இல்லாவிட்டால் பழைய சைக்கிள் ரியூப் ஒன்றில் வால்வ் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு யன்னல் கம்பியில் கட்டுங்கோ. முழங்கையைப் பின்னுக்கு இழுத்துத் தோள்பட்டை எலும்பை ஒன்றோடொன்று நெருக்குங்கோ.
5. பக்கவாட்டு நடை. நிலத்தில் 2 மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கினபடி அங்கும் இங்கும். காலைக் குறுக்கே போட விடவேண்டாம், விழுவது அப்படித்தான்.
6. நின்ற இடத்தில் வேக நடை, கை முன்னுக்குக் குத்தினபடி. ஒரு கால் எப்போதும் நிலத்தில் இருக்கவேணும்.

ரியூப்பை ஒவ்வொரு முறையும் இழுத்து வெடிப்புப் பாருங்கோ. காய்ந்துபோன றப்பர் அறுந்தால் முகத்துக்குத்தான் வரும்.

கைக்குப் போத்தல் குடுக்கிறதென்றால் அரை லீற்றர் போத்தலில் தொடங்குங்கோ, அது அரைக் கிலோ. 1.5 லீற்றர் போத்தல் பிடிக்கப் பருமன் கூட, விரலை இறுக்கிப் பிடிக்கவேண்டி வரும். இறுக்கிப் பிடிக்கிறதும், கையைத் தலைக்கு மேலே தூக்கிறதும் பிறஷரை ஏற்றும். அதே வேலையைக் காலால் செய்வதைவிடக் கையால் செய்யும்போது பிறஷர் கூட ஏறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ. பிறஷர்க்காரருக்குப் போத்தல் தோளுயரத்தோடு நிற்கட்டும். எவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யக்கூடாது. எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கோ, எண்ணுகிறவரால் மூச்சைப் பிடிக்க முடியாது.

கிளினிக்_பக்கம்

சேர்ப்பதற்கு முன் செய்யவேண்டியதை மட்டும் நான் எழுதுகிறேன். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் ஹெல்தி லைஃப்ஸ்ரைல் கிளினிக் நடக்கிறது. பிறஷர், சுகர், நிறை எல்லாம் அங்கே இலவசமாகப் பார்க்கலாம். ஏற்கெனவே வேறு கிளினிக்குக்குப் போகிறவர்கள் அந்தக் கொப்பியோடு போய், "மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சி செய்யப் போகிறேன்" என்று வைத்தியரிடம் நேரடியாகச் சொல்லட்டும். "உடற்பயிற்சி செய்யலாமோ" என்று பொதுவாகக் கேட்டால் அவர் நடையை நினைத்து ஓம் என்று சொல்லிவிடுவார்.

வைத்தியர் சம்மதிக்கும் வரை தீவிரப் பகுதிக்கு எடுக்கக்கூடாதவர்கள்: நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறவர், காரணமில்லாமல் மயங்கி விழுந்தவர், மாரடைப்போ ஸ்ரென்ற் வைத்ததோ அண்மையில் நடந்தவர், துடிப்பு ஒழுங்கில்லாமல் அடிக்கிறவர், படுத்தால் மூச்சு முட்டுகிறவர். நம்மிடத்தில் மறக்கக்கூடாத இன்னொன்று, சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வ் பாதிக்கப்பட்ட பெண்கள். மாதாமாதம் ஊசி போட்ட ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். சலரோகத்தால் கண்ணின் பின்திரையில் இரத்தக்கசிவு வந்தவர், அதற்கு லேசர் பிடித்தவர் கண் வைத்தியரைக் கேட்காமல் செய்யக்கூடாது. பிறஷர் ஏறினால் திரும்பவும் கசியும். காய்ச்சல், தடிமன், வயிற்றோட்டம் இருக்கிற அன்றைக்கு எவருக்கும் வேண்டாம்.

வகுப்பு அன்று 5 நிமிடம் இருத்திவிட்டுப் பிறஷர் பாருங்கள். 180/110 அல்லது அதற்கு மேல் காட்டினால் 10 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அப்பவும் அப்படியே என்றால் அன்று பயிற்சி இல்லை, கிளினிக்குக்குப் போகவேண்டும்.

சலரோகத்தில் எல்லோரும் ஒன்றல்ல. மெற்போமின் மட்டும் குடிப்பவருக்குச் சுகர் விழும் பயம் மிகக் குறைவு. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட், இன்சுலின் எடுப்பவருக்கே அந்த ஆபத்து. அவர்களுக்கு வகுப்புக்கு முன் சுகர் 90 க்குக் கீழே இருந்தால் 15 கிராம் அளவில் மாப்பொருள் குடுத்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும். நாலு கிறீம் கிறாக்கர் பிஸ்கற்றோ ஒரு வாழைப்பழமோ போதும். இடையில் கை நடுங்கி, வேர்த்து, பேச்சுத் தடுமாறினால் பிஸ்கற்றைத் தேடவேண்டாம். மூன்று நாலு தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் குடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். சுகர் 250 க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு விட்டுவிடலாம். கடும் பயிற்சி முடிந்த கையோடு சுகர் கொஞ்சம் ஏறிக் காட்டுவதும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்து இன்சுலினைக் கூட்டிப் போடக்கூடாது, இரவில் இறங்கிவிடும். உங்கள் வகுப்பு பின்னேரம் என்பதால், இன்சுலின் போடுகிறவர் படுக்க முன் ஒருமுறை சுகர் பார்ப்பது கட்டாயம்.

அம்லோடிப்பின், பிராசோசின் போன்ற பிறஷர் மருந்து குடிப்பவர்கள் வேகமாகச் செய்துவிட்டுச் சட்டென்று நின்றால் தலை சுற்றி விழுவார்கள். காலில் இரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். கெண்டைக்கால் தசை அசைவதை நிறுத்தியவுடன் இரத்தம் கீழேயே தங்கிவிடும். ஆகவே கடைசி விசில் ஊதிய பிறகு எவரும் கதிரையில் போய்ப் பொத்தென்று இருக்கக்கூடாது. 8 நிமிடம் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து நடக்கவேண்டும்.

பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. தாடை, தோள், முதுகின் மேற்பகுதியில் இறுக்கம், குளிர் வேர்வை, சத்தி வருகிற மாதிரி, வழமையில்லாத பெரும் களைப்பு. இதில் ஒன்று வந்து, நிறுத்தி இருத்திய பிறகும் போகாவிட்டால் வாய்வு என்று சொல்லி இஞ்சித் தேத்தண்ணி குடுத்துக்கொண்டு நிற்கவேண்டாம். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். மண்டபத்தின் முழு விலாசத்தையும் பக்கத்தில் தெரிந்த ஒரு அடையாளத்தையும் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள், பதற்றத்தில் வழி சொல்ல வராது.

மாதர்_மண்டபம்

மிச்சம் நன்றி ரெண்டு பேருக்கும். இன்னும் கொஞ்சம். மண்டப நிலம் பொலிஷ் பிடிச்ச சீமெந்து. கதிரை வழுக்குமோ? படி எண்டால் விறாந்தைப் படிதான் இருக்கு, அது 18 சென்ரிமீற்றர். கனபேர் சீலையோட, சோட்டியோட வருவினம். 12 பேரை ஒரே நேரத்தில எப்படிச் சமாளிக்கிறது?

விசிலும்_ரைமரும்

12 பேர் என்பது சேர்கிட்டுக்கு மிக வசதியான தொகை. ஆறு இடம், ஒவ்வொரு இடத்திலும் இருவர். ஒருவர் செய்யும்போது மற்றவர் மெதுவாகக் கால் மாற்றி நின்றபடி அவரைப் பார்த்துக்கொள்வார். அப்படிச் செய்தால் ஓய்வும் தானாக வரும், கண்காணிப்பும் வரும். வலுவான ஒருவரையும் பயந்த ஒருவரையும் சோடி சேருங்கோ. போட்டி போடுகிற இருவரைச் சேர்க்கவேண்டாம்.

ஒரு நிமிடத்தை இப்படிப் பிரியுங்கோ: முதலாமவர் 20 செக்கன், மாறுவதற்கு 10, இரண்டாமவர் 20, மாறுவதற்கு 10. ஒவ்வொருவருக்கும் 20 செக்கன் வேலை, 40 செக்கன் ஓய்வு கிடைக்கும். ஒரு இடத்தில் இப்படி இரண்டு தரம், பிறகு அடுத்த இடத்துக்குப் போக 20 செக்கன். ஆறு இடத்தையும் முடிக்க 14 நிமிடம். முன்னுக்கு 10 நிமிடம் உடம்பைச் சூடாக்கல், பின்னுக்கு 8 நிமிடம் ஆறுதல் நடை. மொத்தம் 32 நிமிடம்.

முதல் நாலு கிழமை இதிலேயே நில்லுங்கோ, ஆக்கள் கேட்டாலும் கூட்டவேண்டாம். ஐந்தாம் கிழமையில் இருந்து 25 செக்கன் வேலை, மாற 5. ஒன்பதாம் கிழமையில் இருந்து 30–30, இடைவெளி இல்லை. அதற்குப் பிறகுதான் இரண்டாம் சுற்று, நடுவில் 3 நிமிடம் மெது நடை. நேரம், படியின் உயரம், போத்தலின் பாரம், இந்த மூன்றில் ஒரே கிழமையில் ஒன்றைத்தான் கூட்டலாம். மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் அடுத்த வகுப்புக்குப் பாதிப்பேர் வரமாட்டினம். நோ உச்சத்துக்கு வருவது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான், எதனால் வந்தது என்றும் தெரியாமல் போகும். இரண்டு வகுப்புக்கும் நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி கட்டாயம்.

போனில் இன்ரேவல் ரைமர் இலவசமாகக் கிடைக்கும், சத்தத்தைக் கூட்டி வையுங்கோ. மண்டபம் தகரக் கூரை என்றால் 4 மணிக்கு வெக்கை இன்னும் உள்ளேதான் நிற்கும். சித்திரை, வைகாசியில் 5.30 க்குப் பிறகு தொடங்கி யன்னல் எல்லாம் திறந்து விடுங்கோ. வெக்கையில் அதே வேலைக்கு இதயம் கூட அடிக்கும்.

உடுப்பு விசயத்தில் இடம் குடுக்கவேண்டாம். சீலை, சோட்டியோடு படி ஏறக்கூடாது, விளிம்பை மிதித்து முன்னுக்கு விழுவினம். பஞ்சாபி போடலாம், காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கவேணும், சால்வையைக் கழற்றி வைக்கவேணும். றப்பர் செருப்பும் வேண்டாம், மேசும் வேண்டாம். பின்பக்கம் பிடிக்கிற சப்பாத்து நல்லது. வெறுங்காலில் செய்யலாம், ஆனால் சலரோகக்காரர் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு வெட்டுப்பட்டாலும் தெரியாது.

முன்னேற்றம் பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். கையை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 செக்கனில் எத்தனை தரம் எழும்பி நிற்கினம் என்று எண்ணுங்கோ. பெண்களுக்கு 60–64 வயதில் 12 க்குக் கீழே, 65–69 இல் 11 க்குக் கீழே, 70–74 இல் 10 க்குக் கீழே என்றால் கால் பலம் குறைவு, விழும் ஆபத்துக் கூட. ஒரு கொப்பியில் பேர் போட்டு எழுதி, எட்டுக் கிழமைக்கு ஒருமுறை திரும்ப எடுங்கோ.

நோவும்_நடையும்

பொலிஷ் நிலத்தில் பிளாஸ்டிக் கதிரை நிச்சயம் வழுக்கும். முதுகுப்பக்கம் சுவரோடு முட்டவேணும், கால் நாலும் ஆடாமல் நிற்கவேணும். கை வைத்த கதிரை நல்லது. கால் வெளிப்பக்கம் விரிந்து வெளிறிப்போன பழைய கதிரைகளை ஒதுக்குங்கோ, வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் சொல்லாமல் உடையும். எழும்ப ஏலாதவருக்கு இருக்கையில் கனமான ஒரு மெத்தையை வைத்து உயர்த்தினால் முழங்காலுக்குப் பாரம் குறையும். பலம் வர மெத்தையை எடுத்துவிடலாம்.

18 சென்ரிமீற்றர் படி முழங்கால் நோக்காரருக்கு உயரம். அகலமான கனத்த பலகை ஒன்றை நிலத்தில் ஆடாமல் வைத்து 10 சென்ரிமீற்றரில் தொடங்கலாம். அதுவும் இல்லாவிட்டால் அந்த இடத்தில் படியை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக் குதிக்காலைத் தூக்கி இறக்கிறதையும் முழங்காலை இடுப்புவரை தூக்கி நடக்கிறதையும் மாறி மாறிச் செய்யுங்கோ. படியில் ஏறும்போது நல்ல கால் முன்னுக்கு, இறங்கும்போது நோவுள்ள கால் முன்னுக்கு. இறங்கிறதுதான் முழங்காலைக் கூட வருத்தும், ஆகவே வேகம் ஏற்றத்தில் மட்டும். செய்யும்போது நோ 10 இல் 3 வரை பரவாயில்லை, அடுத்த நாள் காலை அது பழைய அளவுக்கு வந்துவிடவேணும். வீங்கினால், சூடாக இருந்தால் அந்தக் கிழமை படியும் கதிரையும் இல்லை.

சிறுநீர் கசிவைப் பற்றி ஒளிக்காமல் கேட்டது நல்ல விசயம். இதற்காகவே கனபேர் காரணம் சொல்லாமல் வகுப்பை விட்டுப் போவினம். வகுப்புக்கு முன் ரொயிலற் போய்வரச் சொல்லுங்கோ. தண்ணி குடிக்காமல் வரவேண்டாம், கட்டிச் சிறுநீர் பையை உறுத்திக் கூட முட்ட வைக்கும். சிறுநீரை அடக்கிற தசையை உள்ளுக்கு இழுத்து 5 செக்கன் பிடித்து, 5 செக்கன் விடுங்கோ. 10 தரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. கதிரையில் இருந்து எழும்ப ஒரு கணம் முன்னம் அதே தசையை இறுக்கி, மூச்சை விட்டபடி எழும்பவேணும். மூன்று மாதம் விடாமல் செய்தால் பெரும்பாலான ஆக்களுக்குக் குறையும். உள்ளே ஏதோ இறங்கி வருகிற மாதிரிப் பாரம் இருந்தால் சுகவனிதையர் கிளினிக்கில் காட்டவேணும்.

பண்ணைப்_பாதை

குறுக்கிடுறதுக்கு மன்னியுங்கோ. பண்ணைக் கடற்கரைப் பாதையில அரை மணித்தியாலம் கெதியா நடந்தால் காணாதோ? இந்த வயசில இவ்வளவு ஆபத்தும் கணக்கும் தேவையோ?

கிளினிக்_பக்கம்

நியாயமான கேள்வி. நோர்வேயின் துரொன்ட்ஹைம் நகரில் 70 முதல் 77 வயது வரையான 1,567 ஆண் பெண்களை 5 வருடம் பின்தொடர்ந்த ஜெனரேஷன் 100 ஆய்வின் முடிவு 2020 இல் வந்தது. மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களுக்கும், வழமையான ஆலோசனைப்படி தாங்களாகவே நடமாடியவர்களுக்கும் இடையில் இறப்பு வீதத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. ஆகவே இதைச் செய்தால் ஆயுள் கூடும் என்று ஆக்களுக்கு வாக்குக் குடுக்கவேண்டாம். ஆனால் உடம்பு ஒட்சிசனை எடுத்துப் பயன்படுத்தும் திறன் வயதோடு இறங்கிக்கொண்டே போகும். அதைத் திரும்ப ஏற்றுவதற்கு, பழகிப்போன மெது நடையைவிட மூச்சு வாங்கும் துண்டுகள் கூடுதலாக உதவும். மாடிப்படி ஏறுவதும் பை தூக்கி வருவதும் இலேசாவது அதனால்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல், கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர முயற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் முயற்சி, அல்லது இரண்டும் கலந்து என்கிறது. அதோடு தசைப்பயிற்சி இரண்டு நாள், 65 க்கு மேல் சமநிலைப் பயிற்சி மூன்று நாள். இரண்டு சேர்கிட் வகுப்பில் கடும் முயற்சி மிகக் குறைந்த நிமிடமே வரும். மிச்ச நாளில் பண்ணைப் பாதை நடை வேண்டும். இரண்டையும் செய்யட்டும். சேர்கிட் பயமென்றால், நடக்கும்போதே ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் ஆறுதல் என்று ஐந்தாறு தரம் மாற்றி நடந்தாலும் அது இடைவெளிப் பயிற்சிதான்.

மாதர்_மண்டபம்

கடைசியா ஒண்டு. கந்தசஷ்டிக்கு கனபேர் ஆறு நாளும் விரதம். அந்த நேரம் வகுப்பை நிப்பாட்டவோ?

கிளினிக்_பக்கம்

தீவிரப் பகுதியை நிறுத்துங்கள், வகுப்பை நிறுத்தவேண்டாம். நீட்டல், சமநிலை, மெது நடை போதும். இன்சுலினும் கிளிக்கிளசைட்டும் எடுப்பவர்கள் விரதத்துக்கு முன்னமே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளவேண்டும், தாங்களாக நிறுத்தக்கூடாது. தண்ணீரும் குடிக்காத விரதம் என்றால், சிறுநீர் கூட்டும் பிறஷர்க் குளிசை குடிப்பவர்களுக்கு எழும்பி நிற்கும்போதே தலை சுற்றும். அவர்கள் கதிரையில் இருந்தபடி செய்யட்டும்.

விசிலும்_ரைமரும்

விரதம் முடிந்து வந்த முதல் வகுப்பில் விட்ட இடத்தில் தொடங்கவேண்டாம். 30–30 இல் நின்றவை 20–40 க்கு இறங்கி, இரண்டு வகுப்பு அப்படியே செய்துவிட்டுப் பழைய அளவுக்கு வரட்டும். ஐப்பசி மழையும் அதே நேரம்தான், வாசலில் ஒரு சாக்கு விரித்து விடுங்கோ. ஈரக் காலோடு பொலிஷ் சீமெந்தில் பக்கவாட்டு நடை செய்ய விடக்கூடாது. நிலம் காயாவிட்டால் அன்று 5 ஆம் இடத்தை எடுத்துவிட்டு, அந்தச் சோடியைச் சுவர்த் தண்டாலுக்கு அனுப்புங்கோ, சுவரில் நாலு பேருக்கு இடம் வரும்.